குண்டூசிக்குக் கீழே இறங்கிய பாகு

நம் வயதுக்காரர்களுக்கு ரேஷன் சர்க்கரையின் நிறம் நினைவிருக்கும். வெள்ளை என்றும் சொல்ல முடியாது, பழுப்பு என்றும் சொல்ல முடியாது. கையில் அள்ளினால் லேசாக ஒட்டும். எறும்பு வராமலிருக்க டப்பாவுக்குள் இரண்டு கிராம்பைப் போட்டு வைப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த டப்பா அம்மாவின் ஆட்சியில் இருந்தது. விருந்தாளி வந்தால் திறக்கும், யாருக்காவது காய்ச்சல் என்றால் திறக்கும். உருளைக்கிழங்குக்குள் ஊற்றுவதற்கு என்று ஒருத்தி வந்து சர்க்கரை கேட்பாள் என அம்மா கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

கேட்டவள் என் அக்கா. அப்போது அவள் கோவில்பட்டியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற ரோட்டில் பாதி வழியில் எங்கள் ஊர். அப்பா நூல் மில்லில் வேலை பார்த்தார். கொஞ்சம் மானாவாரி நிலமும் இருந்தது. அம்மா வீட்டிலேயே தீப்பெட்டி ஒட்டுவாள். வீடு முழுக்கப் பசை வாடை அடிக்கும். சோற்றுத் தட்டிலும் அது இருக்கும், தலையணையிலும் இருக்கும். ஊரை விட்டு வந்த பிறகுதான் அது பசை வாடை என்றே எனக்குத் தெரிந்தது. அதுவரை வீடு என்றால் அப்படித்தான் மணக்கும் என்று நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றிவிட்டன. மாசி மாதத்திலேயே கரிசல் வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் என் முழங்கை வரை போகும். பருத்திச் செடிகள் முட்டளவுகூட வளராமல் அப்படியே நின்றன. ஊர்க் கிணற்றில் தண்ணீர் இருந்தது, ஆனால் உப்புத் தண்ணீர். அதில் போட்டால் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. ஊருக்குக் கிழக்கே ஒரு தோட்டத்துக் கிணற்றில்தான் நல்ல தண்ணீர். வீட்டுக்கு ஒரு குடம் என்று தோட்டக்காரர் சொல்லிவிட்டார். அந்தக் குடம் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். பிறகு ராத்திரி வரை உப்புத் தண்ணீரைத்தான் குடித்தோம்.

எங்கள் நிலைமையே இப்படி என்றால் அத்தை வாழ்ந்த ஊர் இன்னும் மோசம். அத்தை அப்பாவின் தங்கை. கழுகுமலைக்கு மேற்கே கட்டிக் கொடுத்திருந்தது. அங்கே கிணறு தூர்ந்து போய்விட்டதால், தவழ்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமா மாடுகளைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்தார். பிள்ளைக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. அம்மா அடுக்கி வைத்த தீப்பெட்டிகளைத் தட்டிவிட்டு, விழுகிற சத்தத்துக்கு அவனே பயந்து, பிறகு மறுபடியும் தட்டுவான். அம்மா திட்டமாட்டாள். மறுபடியும் அடுக்குவாள்.

இனி அந்தச் சோதனையைச் சொல்ல வேண்டும். அறிவியல் படித்தவர்கள் எல்லோரும் செய்திருப்பீர்கள். சவ்வூடு பரவல் என்று பாடத்தில் பெயர். உருளைக்கிழங்கின் தோலைச் சீவி, அடிப்பக்கத்தைத் தட்டையாக வெட்டி, உள்ளே குழி தோண்ட வேண்டும். குழியில் பாதி அளவுக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றி, பாகு நிற்கிற மட்டத்தில் ஒரு குண்டூசியைச் செருக வேண்டும். பிறகு கிழங்கைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வைத்தால், வெளித் தண்ணீர் கிழங்கின் வழியாக உள்ளே புகுந்து, கொஞ்ச நேரத்தில் பாகு குண்டூசிக்கு மேலே ஏறியிருக்கும். அப்படித்தான் ஏற வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் அக்கா செய்தபோது பாகு கீழே இறங்கிவிட்டது.

டீச்சர் வந்து குனிந்து பார்த்திருக்கிறார். அடியில் கத்தி பட்டு ஓட்டை விழுந்து ஒழுகியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். அக்கா கிழங்கைத் தூக்கிக் காட்டி, ஓட்டை இல்லை டீச்சர், கிழங்கு பழசாக இருக்குமோ என்று கேட்டிருக்கிறாள். அதற்கு டீச்சர் சொன்னதை அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் அப்படியே சொன்னாள்:

“கிழங்கு தப்புச் செய்யாதும்மா. செய்யுத கைதான் தப்புச் செய்யும்.”

அக்கா வருத்தத்தோடுதான் சொன்னாள். ஆனால் அத்தை சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள். அதன்பிறகு அக்கா ஒரு டம்ளரைக் கீழே போட்டாலும், கோலம் கோணினாலும், அந்த வாக்கியத்தை யாராவது சொல்லிக் காட்டுவார்கள். அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வீட்டுக்கு ஒரு கேலி வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

தவறு எங்கே நடந்திருக்கலாம் என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டீச்சர். மற்றவர்கள் என்றால் ‘கவனக்குறைவு’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு வேலையை முடித்திருப்பார்கள். அக்கா மறுபடியும் செய்து பார்த்தாள். அப்பாவிடம் சொல்லி மார்க்கெட்டிலிருந்து கால் கிலோ கிழங்கு வாங்கி வரச் செய்தாள். எங்கள் ஊர்ப்பக்கம் அப்போதெல்லாம் உருளைக்கிழங்கு கல்யாண வீட்டுச் சமாச்சாரம். அதைத் தின்னாமல் குழி தோண்டி வீணடிக்கிறாளே என்று அம்மாவுக்கு ஆத்திரம். சர்க்கரையும் ஒரு ஸ்பூனுக்கு மேல் தர மறுத்துவிட்டாள். நல்ல தண்ணீரைத் தொடக்கூடாது என்றும் கண்டிப்பு.

கொல்லைப்பக்கம் வேப்பமர நிழலில் அவள் உட்கார்ந்து கிழங்கைக் குடைந்தது இப்போதும் கண்ணுக்குள் இருக்கிறது. கத்தி சரிப்படவில்லை என்று ஒரு பழைய ஸ்பூனின் ஓரத்தைக் கல்லில் தேய்த்துக் கூர்மையாக்கினாள். நான் எதிரே உட்கார்ந்து, பிள்ளை கிழங்கைப் பிடுங்காமல் பார்த்துக்கொண்டேன். முதல் நாள் பாகு கொஞ்சம் இறங்கியது. மறுநாள் அசையவே இல்லை. அக்காவுக்கு எரிச்சல் வரும் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு வரவில்லை. எதனால் என்று ஒவ்வொன்றாகத் தேடினாள். வாடிய கிழங்கு தன் தாகத்துக்குத் தானே பாகிலிருந்து தண்ணீரைக் குடித்துவிடுகிறது என்று கண்டுபிடித்தாள். உடனே அப்பாவிடம், அமுக்கினால் கல் மாதிரி இருக்கிற கிழங்காகப் பார்த்து வாங்கி வரச் சொன்னாள். ஒரு ஸ்பூன் சர்க்கரை போதாது என்றும் தெரிந்துகொண்டாள். காபியில் தன் பங்குச் சர்க்கரையைப் போட வேண்டாம் என்று சொல்லி, அதைச் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

கடைசியில் ஒரே கிழங்கை இரண்டாக வெட்டி, இரண்டிலும் ஒரே பாகை ஊற்றி, ஒன்றை உப்புத் தண்ணீரிலும் இன்னொன்றைக் குடிக்காமல் மிச்சம் பிடித்த நல்ல தண்ணீரிலும் வைத்தாள். நல்ல தண்ணீரில் நின்ற கிழங்கில் பாகு ஏறி, குண்டூசியை மூடி, விளிம்பைத் தொட்டது. உப்புத் தண்ணீரில் நின்றதில் அதில் பாதிகூட ஏறவில்லை.

“பாத்தியாட்டி,” என்றாள். “நம்ம தண்ணியிலயே உப்பு இருக்கு. அதையும் கணக்குல சேக்கணும்.”

அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நானும் பிள்ளையும்தான் பார்த்தோம். அம்மா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அப்பா மில்லில்.

ஏழு வருஷம் கழித்து நானும் அதே பள்ளிக்கூடத்தில் அதே சோதனையைச் செய்தேன். பக்கத்தில் இருந்தவள் டீச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும் குழிக்குள் இரண்டு சொட்டுப் பாகை விட்டாள். எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். மூட்டையில் கிடந்து முளைவிட்ட கிழங்கும் பள்ளிக்கூடத்து போர் தண்ணீரும் சேர்ந்தால் பாகு எங்கே ஏறப்போகிறது? அக்காவின் வகுப்பில் அத்தனை பேருக்கும் ஏறிய பாகு அவளுக்கு மட்டும் ஏன் இறங்கியது என்பது அன்று எனக்கு விளங்கியது. அவள் கண்ணால் கண்டதைச் சொல்லியிருக்கிறாள்.

அக்காவின் சோதனை முடிந்த அந்த மாசியிலேயே, ஒரு மத்தியானம் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் பலமுறை போய்விட்டது. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள். அத்தை தண்ணீரை நிறுத்தினாள். பாலையும் நிறுத்தினாள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். பெரியவர்கள் சொன்னால் கேட்டுப் பழகியவள். விடியும்போது பிள்ளையின் கண் உள்ளே போயிருந்தது. அழுதான், ஆனால் கண்ணீர் வரவில்லை. அது எனக்கு விசித்திரமாக இருந்தது. நீர் இல்லாத அழுகையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு நர்ஸ் அவர்கள் வகுப்புக்கு வந்து, வயிற்றால் போகிற பிள்ளைக்குச் சர்க்கரையும் உப்பும் கலந்த தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார். உப்பு எப்போதும் கண்ணீரின் கரிப்பைத் தாண்டக்கூடாது, தாண்டினால் ஆபத்து என்றும் சொல்லியிருந்தார். அக்கா இதை அத்தையிடம் சொன்னாள். அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா, கொஞ்சமாகக் கொடுத்துப் பார் என்றாள்.

நல்ல தண்ணீர்க் குடம் காலியாக இருந்தது. ஊர்க் கிணற்றுத் தண்ணீரை எடுக்க அக்கா சம்மதிக்கவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு கிழக்கே தோட்டத்துக்கு ஓடினாள். எங்கள் வீட்டு முறை முடிந்துவிட்டது என்று தோட்டக்காரர் முனகினார். பிள்ளைக்கு என்று சொன்னதும் வாளியை அவரே இறக்கினார். வீட்டுக்கு வந்து தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். எங்கள் வீட்டில் கல் உப்புதான் இருந்தது. ஒரு கல் பெரிசு, ஒரு கல் சிறிசு, அளவு தப்பிவிடும் என்று அக்கா உப்பை அம்மியில் வைத்துப் பொடித்தாள். மூன்று விரலால் கிள்ளி எடுத்தாள். கிள்ளியதில் கொஞ்சத்தைத் திரும்ப உதறினாள். சர்க்கரை டப்பாவை அம்மாவே திறந்து கொடுத்தாள். இரண்டு பாத்திரங்களில் மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றிவிட்டு, அக்கா முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள். லேசாக இனித்தது. கரிப்பு தேடினால்தான் தெரிந்தது.

ஒரு டம்ளர் முழுவதையும் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தாள். முதலில் வாயோரம் வழிந்தது. அப்புறம் பிள்ளை சப்ப ஆரம்பித்தான். இரண்டாவது டம்ளர் நடக்கும்போது ஸ்பூனைக் கையால் பிடித்துக்கொண்டு விட மறுத்தான். அத்தை சிரித்தாள். அந்தச் சமயத்தில் இன்னொரு தடவை வயிற்றால் போனது.

மாமாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். அவர் வந்து வாசலில் நின்றது சரியாக அப்போதுதான்.

மாமாவை இன்று கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் ஓடி வந்திருந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பிள்ளையின் கண்ணைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். அக்கா சொன்னாள். தண்ணீர் கொடுத்தால் போகத்தானே செய்யும் என்று கத்திவிட்டு, பிள்ளைக்குத் தொக்கம் விழுந்திருக்கிறது என்றார். தின்றது எதுவோ தொண்டையில் சிக்கியிருப்பதைத் தொக்கம் என்பார்கள். அதை எடுக்கிற ஆள் கழுகுமலைக்கு அந்தப் பக்கம் இருந்தார். கோவில்பட்டிப் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் மாமா என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பா மில்லுக்குப் போகாமல் வீட்டில் இருந்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார். அம்மா தன் நாத்தனார் புருஷனை எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை.

எங்கள் ஊரில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் கோவில்பட்டி பஸ், அந்தப் பக்கம் நின்றால் கழுகுமலை பஸ். மாமா ரோட்டைக் கடந்தார். அத்தை பிள்ளையைச் சேலைக்குள் மூடிக்கொண்டு பின்னால் போனாள். அக்கா மிச்சத் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள். வழியில் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே போங்கள் என்று அத்தையிடம் நீட்டினாள். மாமா அதை வாங்கித் தரையில் கவிழ்த்துவிட்டு, வெறும் பாட்டிலை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். பஸ் வந்தது. போய்விட்டார்கள்.

வெயில் இறங்குவதற்கு முன்பே பிள்ளை இறந்துவிட்டான்.

அப்பா மில்லிலிருந்து நேராக வந்தார். எல்லோரும் அத்தை வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாமா ஒரு தூணில் சாய்ந்திருந்தார். அக்கா உள்ளே நுழைந்ததும் அவர் தலையைத் தூக்காமலே பேசினார்.

“உருளைக்கிழங்கை ஒழுங்காக் குடையத் தெரியாதவ. அவ கை என் பிள்ளைக்கு உப்பை அள்ளிப் போட்டுட்டு.”

அந்தக் கேலி அவர் காதுக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை. அத்தை எப்போதாவது சிரிப்புக்காகச் சொல்லியிருக்கலாம். முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா நல்ல தண்ணியிலதான் கலக்குனா, நானும் குடிச்சேன் என்று நான் சொன்னேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. அந்தக் கையிலும் பசை வாடை.

அப்பா எதுவும் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தரையைப் பார்த்தார். பிள்ளையைப் பறிகொடுத்த மாப்பிள்ளையிடம் அன்று வாதாடினால் தங்கையின் வாழ்க்கை கெட்டுவிடும் என்று பயந்திருப்பார். நானும் குடும்பம் நடத்தியவள் என்பதால் அந்தப் பயம் இன்று புரிகிறது. ஆனால் அவர் பேசாமல் இருந்ததை ஊர் வேறு விதமாக எடுத்துக்கொண்டது. பெற்ற தகப்பனே மறுக்கவில்லை, அப்படியானால் உண்மைதான் என்று ஆகிவிட்டது. அக்காவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள்.

செய்முறைப் பரீட்சைக்கு அவள் போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருப்பாள். ஸ்பூன் தலைதட்டியதா குவிந்ததா. உப்பை உதறியபோது எவ்வளவு உதிர்ந்தது. தோட்டத்துக் கிணற்றிலும் அந்த மாசியில் உப்பு ஏறியிருந்ததோ. என்னிடம் கேட்பாள், கரிச்சுதா, உண்மையச் சொல்லுட்டி. கரிக்கல என்று நான் எத்தனை தடவை சொன்னாலும் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் நாக்கை அவளால் நம்ப முடியவில்லை.

பிறகு அவளைச் சாத்தூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். அத்தான் தங்கமான மனிதர். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அக்கா குழம்பு வைப்பாள், உப்பை மட்டும் அத்தான் வந்து போடுவார். பிள்ளைகளுக்கு மருந்து ஊற்றுவதும் அவர்தான். மருமகள் வந்த பிறகு அந்த வேலை அவளுக்குப் போனது. அவர்கள் காரணம் கேட்டதில்லை, அக்கா சொன்னதுமில்லை. அத்தையையும் மாமாவையும் கல்யாணம் காட்சிகளில் பார்த்தால் பேசுவாள். அவர்களும் பேசுவார்கள். பிறகு அத்தைக்கு இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள்.

போன வருஷம் அத்தையைக் கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மாமா காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. நானும் அக்காவும் பார்க்கப் போனோம். அத்தையின் கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஆள் வற்றிப்போய், கட்டிலில் பாதிகூட நிறைக்கவில்லை. மகள் காபி வாங்க வெளியே போனதும் அத்தை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஏட்டி, அன்னைக்குப் பிள்ளை ஒண்ணுக்குப் போனான்.”

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கும்தான்.

“நீ ரெண்டாவது டம்ளர் குடுத்துக்கிட்டு இருக்கையில என் மடி நனைஞ்சிச்சு. முந்தின நாள்ல இருந்து அவன் ஒண்ணுக்கே போகல. அப்பத்தான் போனான். பொழச்சிக்கிடுவான்னு நினைச்சேன்.”

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை, கோபப்படவில்லை. கேள்வி கேட்டாள்.

“எவ்வளவு நனைஞ்சிச்சு அத்தே?”

“தொடை பூரா.”

“வயித்தால போனதா இருக்கும்லா?”

“அது அதுக்குப் பெறவு. பெத்தவளுக்குத் தெரியாதா ரெண்டும்?”

மாமா வந்து கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று அக்கா மெதுவாகக் கேட்டாள்.

“வந்தப்ப அவியளைப் பாத்துப் பயம். பெறவு எப்படிச் சொல்லுவேன்? நீ கலந்தது சரின்னா, பொழைச்சு வந்த பிள்ளையத் தூக்கிட்டுப்போயி பஸ்ல ஏறுனது நானுல்லா. அத நினைக்க எனக்குத் தைரியம் இல்ல. உன் மேலேயே கிடக்கட்டும்னு விட்டுட்டேன்.”

மகள் காபியோடு வந்துவிட்டாள். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா தன் காபியைக் குடித்து முடித்தாள். அத்தையின் போர்வையைக் கால் வரை இழுத்துவிட்டாள். வாரேன் அத்தே என்றாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் சாத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். அப்பா உயிரோடு இருந்திருந்தால் இதை அவரிடம் சொல்லியிருக்கலாம் இல்லையா என்றாள். ஆமாம் என்றேன்.

இரண்டு மாதம் கழித்து அத்தை போய்விட்டாள். துட்டிக்கு அக்கா வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். செத்தவளின் கால்மாட்டில் உட்கார்ந்தவள் திடீரென்று குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். அத்தையின் மகள்கள்கூட அப்படி அழவில்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அத்தை மேல் இவ்வளவு பாசமா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

நான் அருகே போய் உட்கார்ந்த பிறகுதான் அழுகைக்கு நடுவே அவள் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அத்தையை அவள் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டில் எங்களைத் தவிர வேறு யாருக்கும் நினைவில்லாத ஒரு பெயரை, அந்தப் பிள்ளையின் பெயரை, சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். அவன் இறந்த அன்று அந்த முற்றத்தில் எல்லோரும் அழுதார்கள். அவள் மட்டும் அழாமல் நின்றிருந்தாள்.